நீலமா, பச்சையா

பழவங்காடிக் கடைத்தெருவில் செல்லபாயின் கடைக்கு வந்து யாராவது “கலர் ஒண்ணு” என்று கேட்டால் அவள் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டாள். “எந்தக் கலரு?” என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் தலையை நிமிர்த்தி, பலகையில் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்ப்பார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொன்றும் உள்ளே விளக்குப் போட்டதுபோல் இருக்கும். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆள்கூட அந்த இடத்தில் நின்று, கல்யாணப் புடவை எடுப்பவரைப் போல யோசிப்பார். அந்த யோசனையைப் பார்ப்பதில் செல்லபாய்க்குத் தனி சுகம். ஏனென்றால் நாலு பாட்டிலிலும் இருப்பது ஒன்றுதான்.

அதைத் தயாரிக்கிறவர் அவள் கணவர் ஞானையன். பாறசாலையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சோடா மெஷின் வைத்திருந்தார். சர்க்கரைப் பாகும் எசன்ஸும் ஒரே அண்டாவில் கலக்கப்படும். கடைசியில் விழுகிற சாயம் மட்டும்தான் வேறு. அதையும் அரசாங்கம் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற மனிதர். எந்தக் கலரில் என்ன ருசி என்று யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பதிலாக அவருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பச்சை வயிற்றுக்குக் குளிர்ச்சியாம். சிவப்பில் இனிப்பு கூடுதலாம். மஞ்சள் குடித்தால் லேசாகத் தொண்டையில் புளிக்குமாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நீலம்தான் வேண்டும், போனில் படம் நன்றாக வரும். செல்லபாய் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே பிளாஸ்க்கிலிருந்து பால் சேர்க்காத கட்டன் சாயா ஊற்றிக் குடிப்பாள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. அழகியநம்பியின் பாத்திரக்கடைக்கும் லிஜோவின் வாட்ச் ரிப்பேர் கடைக்கும் இடையில் ஒரு ஆள் அகலத்தில் செருகி வைத்த பெட்டிக்கடை. பெட்டிக்கடைக்காரர்களுக்கு வியாபாரிகள் சங்கத்தில் இடம் கிடையாது. அதனால் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தபோது செல்லபாய்க்கு ஓட்டும் இல்லை, கவலையும் இல்லை.

இத்தனை வருஷமாக அந்தச் சங்கத்தில் தேர்தலே நடந்ததில்லை. பழைய தலைவர் கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காலியான நாற்காலிக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்கள்.

ஒருவர் அழகியநம்பி. பூர்வீகம் நாஞ்சில் நாடு. அறுபது தாண்டியவர், வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. எதைக் கேட்டாலும் “பார்ப்போம்” என்பார். இன்னொருவர் எதிர்வரிசையில் குடையும் பேக்கும் விற்கிற ஷாஜி. நெடுமங்காட்டுக்காரர், நாற்பது வயது, எதைக் கேட்டாலும் மலையாளத்தில் “ஷரியாக்காம்”, அதாவது சரியாக்கிவிடலாம், என்பார். இரண்டு வார்த்தைக்கும் பலன் ஒன்றுதான். கடைகளின் முன்னால் பைக் நிறுத்தக்கூடாது என்பது நம்பியின் கொள்கை. நிறுத்தலாம் என்பது ஷாஜியின் கொள்கை. இதற்கு மேல் அவர்களுக்குள் வித்தியாசம் எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

இருவருக்கும் பிளெக்ஸ் அடித்துக் கொடுத்தவன் ஸ்ரீஜித். முக்கில் பிரின்டிங் கடை வைத்திருந்தான், சங்கத்தின் வாட்ஸாப் குழுவுக்கும் அவன்தான் அட்மின். ஓணம் விளம்பரத்துக்குச் செய்த பச்சைப் பின்னணி அவன் கம்ப்யூட்டரில் மிச்சம் இருந்ததால் நம்பியின் படம் பச்சையில் வந்தது. ஷாஜி நீலச் சட்டை போட்டு வந்து நின்றதால் அவருடையது நீலத்தில் வந்தது. யாரும் யோசித்துச் செய்த காரியம் அல்ல.

நம்பிக்குப் பிரசாரம் நடத்தியது அவருடைய மருமகள் ஷில்பா. டெக்னோபார்க்கில் ஐ.டி. வேலை பார்க்கிறவள், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் நாள் பிரசாரம் முடிந்து, வேர்த்து விறுவிறுத்து, பத்துப் பேரோடு நம்பி செல்லபாயின் கடைமுன் வந்து நின்றார். அவர் எப்போதும் சிவப்புதான் குடிப்பார். செல்லபாய் கேட்காமலே சிவப்பை எடுத்துத் திறக்கப் போனாள். ஷில்பா கையை நீட்டித் தடுத்தாள்.

“மாமா, பச்சை எடுங்கோ. நம்ம போஸ்டரோட கலர் அல்லே.”

நம்பி கொஞ்சம் தயங்கினார். பிறகு மருந்து குடிப்பதுபோல ஒரு வாய் குடித்து, பச்சையில் லேசான துவர்ப்பு இருக்கிறது, ஆனால் மோசமில்லை என்றார். ஸ்ரீஜித் படம் எடுத்துக் குழுவில் போட்டான். அன்று நம்பி வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி பொன்னம்மை வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். சர்க்கரை வியாதிக்காரருக்கு நாக்கு புல்தரை மாதிரி இருந்தது. தேர்தலுக்காகக் குடித்தேன் என்று அவர் சொல்ல, சீக்கிரம் ஜெயிச்சுத் தொலையுங்கள் என்று அவள் சொன்னாளாம்.

மறுநாள் காலை செல்லபாய் பலகையை எடுத்து வைப்பதற்குள் ஷாஜி வந்துவிட்டார். கூடப் பதினைந்து பேர். எல்லோருக்கும் நீலம். குழுவில் படம். அதோடு பழவங்காடியில் கலர் குடிப்பது என்பது தாகத்தோடு சம்பந்தமில்லாத விஷயமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஷாஜி தனியாக வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சேச்சி, ஒரு காரியம் கேக்கட்டே. இன்னைக்கு ஏது கலர் கூடுதல் போச்சு?”

செல்லபாய் காலி பாட்டில் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். பச்சைதான் கூடுதல். மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து ஐயப்பன்மார் பஸ் ஒன்று வந்து நின்றது. கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த குருசாமி பச்சை கேட்டார், அவரைப் பார்த்து மொத்த பஸ்ஸும் பச்சை கேட்டது. குருசாமிக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை என்பதைச் சொல்லலாமா என்று செல்லபாய் ஒரு கணம் நினைத்தாள். ஆனால் கேள்வி அதுவல்ல.

“பச்சதான் சாரே. அதுல சந்தேகமே வேண்டாம்” என்றாள்.

ஷாஜியின் முகம் இறங்கியதைப் பார்த்தபோது, இத்தனை நாளும் பாட்டிலைத் திறக்க மட்டும் உதவிய தன் கைக்கு வேறொரு பலமும் வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அடுத்த நாள் ஷாஜியின் ஆட்கள் காலை முதலே நீலம் குடித்தார்கள். குடித்துவிட்டுத் தங்கள் கடை ஆட்களை அனுப்பினார்கள். பதினொரு மணிக்கு நீலம் தீர்ந்தது. நம்பி எதையும் நேராகக் கேட்கிறவர் அல்ல. பாத்திரக்கடை வாசலில் நின்றபடி, வியாபாரம் எப்படிப் போகிறது என்று பொதுவாக விசாரித்தார்.

“கர்த்தர் புண்ணியத்துல நல்லா போவுது அண்ணாச்சி. நீலந்தான் கிட்டேல்ல. காலையிலேயே தீந்துட்டு.”

நம்பி ‘ஓ’ என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரத்தில் ஷில்பா வந்து இரண்டு பெட்டி பச்சைக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞானையனுக்கு இது பிடிக்கவில்லை. மறுநாள் காலை ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது, கை விரல்கள் ஒருபக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமுமாக, மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

“செல்லம், இது பொய் சொல்லுகது இல்லியா?”

“எது பொய்? பச்ச போச்சா, இல்லியா?”

“போச்சு.”

“நீலம் தீந்துச்சா, இல்லியா?”

“தீந்துச்சு.”

“பின்ன?”

ஞானையன் ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நன்றாக யோசித்தார். “பின்னயும் என்னமோ இருக்கு” என்றார். அது என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

நாக்கைப் பார்க்கும் வழக்கம் யாரிடமிருந்து தொடங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஷாஜி என்று நம்பியின் ஆட்களும், ஷில்பா என்று ஷாஜியின் ஆட்களும் சொன்னார்கள். எப்படியோ, வாரக் கடைசியில் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியின் கடைக்குள் நுழைந்தால் முதலில் பார்ப்பது வாயைத்தான். பேச்சுக் கொடுப்பார்கள், சிரிக்க வைப்பார்கள், கொட்டாவி விட்டால் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் பகைத்துக்கொள்ள முடியாதவர்கள் நீலம் ஒன்று, பச்சை ஒன்று என்று குடித்தார்கள். அவர்கள் நாக்கு பாசி பிடித்த குளம்போல ஆகி, இரண்டு பக்கத்திலும் சந்தேகத்தைக் கிளப்பியது.

வாட்ச் ரிப்பேர் லிஜோதான் பாவம். நடுநிலையாக இருப்போம் என்று அவர் மஞ்சள் குடித்தார். மூன்றாவதாக ஒருவரை நிறுத்தப் போகிறார்கள், அதற்கு லிஜோதான் ஆள் சேர்க்கிறார் என்று அன்று சாயங்காலமே செய்தி பரவியது. பேரூர்க்கடையில் அவர் வீட்டுக்கு நம்பி ஆப்பிளோடும், ஷாஜி ஏத்தவாழைப்பழக் குலையோடும் தனித்தனியாக வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு லிஜோ பக்கத்துக் கடையான செல்லபாயின் கடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து குடித்தார்.

இந்தக் கூத்தில் கலர் குடிக்காமல் இருந்தவர்கள் கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள். அவர்கள் தேர்தலுக்கு முன்பும் அதிகம் குடித்ததில்லை. ஷாஜியின் கடையில் குடை விற்கிற சுமி, அமரவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், மத்தியானம் மூன்று பேருக்கு ஒரு பாட்டில் வாங்குவாள். அதிலும் பாதிதான் குடிப்பார்கள். ஏன் என்று செல்லபாய்க்குத் தெரியும். அவளும் பகல் முழுக்க அளந்துதான் சாயா குடித்தாள். ரோட்டைத் தாண்டி, நெரிசலில் புகுந்து, பஸ் ஸ்டாண்டின் கட்டணக் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப அரைமணி நேரம் ஆகும். ஒருநாளில் ஒருமுறைக்கு மேல் போனால் முதலாளி முகம் மாறும். சங்கக் கட்டடத்தின் மாடியில் ஒரு கழிப்பறை உண்டு. அது உறுப்பினர்களுக்கு மட்டும். பூட்டியே இருக்கும்.

தேர்தல் வந்ததும் சுமியும் பக்கத்துத் துணிக்கடை மீனுவும் சேர்ந்து, பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று இரண்டு வேட்பாளர்களிடமும் போய்க் கேட்டிருந்தார்கள். சங்கத்தின் கீழ்த்தளத்தில் பழைய பேனரும் உடைந்த நாற்காலியும் அடைத்துவைத்த ஒரு ஸ்டோர் ரூம் சும்மா கிடந்தது. அதை மாற்றினால் போதும் என்றும் வழி சொல்லியிருந்தார்கள். நம்பி பார்ப்போம் என்றார். ஷாஜி ஷரியாக்காம் என்றார். அதன்பிறகு இருவரும் பைக் நிறுத்துவதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

“ஓட்டுள்ளவங்க சொன்னாத்தான் அக்கா அவங்க கேப்பாங்க” என்றாள் சுமி. அன்றைக்கு அவள் வாங்கிய பாட்டிலை மூடியைக்கூடக் கழற்றாமல் திருப்பித் தந்துவிட்டாள்.

செல்லபாய் அந்தப் பாட்டிலைப் பலகையில் திருப்பி வைத்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன வேலை என்று சுமியிடம் கேட்டாள். அன்றைக்குத்தான் சங்கத்தின் பொதுக்கூட்டம். மறுநாள் திங்கள்கிழமை ஓட்டு.

கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நம்பி தன் செலவில் பச்சைக் கலர் கொடுக்கச் சொன்னார், நாலு பெட்டி. இதை ஷாஜி வந்து விசாரித்தபோது செல்லபாய் மறைக்கவில்லை. ஷாஜி ஆறு பெட்டி நீலம் சொன்னார். ஷில்பா வந்து விசாரித்தாள். அவளிடமும் செல்லபாய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இப்படியே ஏறிக்கொண்டு போய், இனி ஒரு பாட்டில் சேர்ந்தாலும் மெஷின் படுத்துவிடும் என்று ஞானையன் பாறசாலையிலிருந்து போன் செய்த பிறகுதான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். சங்கத்தின் மாடி ஹாலில் மின்விசிறிகள் சுற்றினவே தவிரக் காற்று வரவில்லை. வாசலில் இரண்டு மேஜை. ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம். பச்சை மேஜைக்குப் பின்னால் செல்லபாய் நின்றாள், நீல மேஜைக்குப் பின்னால் ஞானையன். உள்ளே வருகிற ஒவ்வொரு வியாபாரியும் இரண்டு மேஜைக்கும் நடுவில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று கண்ணோட்டினார். எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆகவே பெரும்பாலானவர்கள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டையும் குடித்தார்கள். தீவிர ஆதரவாளர்கள் தங்கள் நிறத்தில் மூன்று நாலு குடித்தார்கள். உட்கார்ந்த பிறகு புழுக்கம் தாங்காமல் வந்து மேலும் குடித்தார்கள்.

நம்பி பேசும்போது பாட்டிலை உயர்த்திப் பிடித்து, பச்சைக்கு என்று ஒரு நிதானமான ருசி உண்டு, அனுபவம் உள்ளவர்களுக்கு அது தெரியும் என்றார். கைதட்டினார்கள். ஷாஜி எழுந்து, நீலத்தின் ருசி துணிச்சல்காரர்களுக்கானது என்றார். அதற்கும் கைதட்டினார்கள். ஞானையன் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சு பைக் நிறுத்தும் பிரச்சினைக்கு வந்தபோது வெளியே துலா மழை பிடித்தது. பழவங்காடிக்கு அரைமணி மழை போதும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோடு தெரியவில்லை, முட்டளவு தண்ணீரில் ஆட்டோக்கள் நின்றுகொண்டிருந்தன. ஓடு வேய்ந்த கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் காலை மாற்றிப் போட்டார். பக்கத்தில் இருந்தவரும் மாற்றிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் யாருமே பேச்சைக் கவனிக்கவில்லை.

முதலில் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். கழிப்பறை திறந்துதான் இருந்தது, கூட்ட நாள் என்பதால். ஆனால் அதன் முன்னால் பெண்கள் வரிசை நின்றது. முதலில் சுமி, அவள் பின்னால் மீனு, அவள் பின்னால் தெருவிலுள்ள எல்லாக் கடைகளின் விற்பனைப் பெண்களும். பொதுக்கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், ஓட்டுப் போடத்தான் முடியாது. அவர்கள் வந்து கேட்டார்கள், பிறகு மெல்ல எழுந்து வராந்தாவுக்குப் போனார்கள், அவ்வளவுதான். உள்ளே போன ஒருத்தி நிதானமாக வெளியே வந்து, நிதானமாகக் கை கழுவி, கண்ணாடியில் பார்த்துக் கூந்தலைச் சரிசெய்தாள். பிறகு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். சுமி தன் முறை வந்தும் உள்ளே போகாமல், பின்னால் இருப்பவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

ஆண்களின் வரிசை அவர்களுக்குப் பின்னால் வளர்ந்து, ஹாலுக்குள் வந்து, மேடைவரை நீண்டது. ஷாஜியின் பேச்சு பாதியில் முடிந்தது. அவர் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி வராந்தாவுக்கு வந்தார். அவருக்கு முன்னாலேயே நம்பி அங்கே இருந்தார், வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு. வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் வழிவிட்டிருந்தார்கள், சுமியைத் தவிர.

“சுமீ, ஒந்நு மாறிக்கே” என்றார் ஷாஜி, முதலாளிக் குரலில் தொடங்கி, கெஞ்சலில் முடித்து.

சுமி நகரவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“சாரே, காலையில ஒம்பது மணிக்கு வந்தா ராத்திரி கட அடைக்கிய வரைக்கும் நாங்க இப்பிடித்தான் அடக்கிட்டு நிக்கோம். எங்களுக்குப் பழக்கமாயாச்சு. உங்களுக்குப் பழக்கமில்லேன்னு பாத்தாலே தெரியுது, வழி விடுகோம். ஆனா கீழ உள்ள ஸ்டோர் ரூமை எங்களுக்கு டாய்லெட்டா மாத்தித் தருவோம்னு ரெண்டு பேரும் இப்ப சொல்லணும். யாரு ஜெயிச்சாலும்.”

மழை இன்னும் பலமாகக் கொட்டியது. நம்பி கண்ணை மூடித் திறந்தார். “பார்ப்போம்” என்றார், பழக்கத்தில்.

காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்திருந்த செல்லபாய் தலையைத் தூக்கினாள்.

“பாத்துட்டு நிக்கதுக்கு நேரமிருக்கா அண்ணாச்சி?”

நம்பி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அக்கறையைத் தவிர ஒன்றும் இல்லை.

“கட்டித் தாறோம்” என்றார்.

“நானும் சம்மதிச்சு” என்றார் ஷாஜி. “சத்தியம். கதவைத் திற.”

ஸ்ரீஜித் கூட்டத்தைக் குழுவுக்காக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஹால் காலியானபோது அவனும் எல்லோரோடும் எழுந்து வரிசைக்கு வந்தான், போனை நிறுத்த மறந்துவிட்டான். இந்தப் பேச்சு முழுவதும் சத்தமும் படமுமாகப் பதிவாகி, அன்று இரவுக்குள் தெருவில் எல்லா வீட்டிலும் ஓடியது. பொன்னம்மை அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்ததாகக் கேள்வி.

சுமி விலகி நின்றாள். கதவின் முன்னால் இரண்டு வேட்பாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அண்ணாச்சி முதல்ல போங்கோ” என்றார் ஷாஜி. அந்தத் தேர்தலில் அவர் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது.

மறுநாள் ஓட்டுப்பதிவு. காலையில் முதல் வியாபாரி வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிவப்பு கேட்டார். இரண்டாவது ஆளும் சிவப்பு. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று செல்லபாய்க்குப் புரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று இனி எவனும் வாயைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதே எண்ணம். ஞானையன் ஒரு வாரமாகச் சிவப்பு போடவே இல்லை. பழைய இருப்பு முழுவதும் பத்து மணிக்குள் தீர்ந்தது. லிஜோகூட ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டிச் சரிபார்த்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். ஷில்பாவும் ஷாஜியின் ஆட்களும் வாசலில் நின்று பார்த்ததில், வெற்றிலை போட்ட மாதிரி சிவந்த வாய்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

சொற்ப வித்தியாசத்தில் நம்பி ஜெயித்தார். ஷாஜி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் நம்பியே அவர் வீட்டுக்குப் போனார். கான்ட்ராக்டர், பிளம்பர், கார்ப்பரேஷன் அனுமதி எல்லாம் ஷாஜிக்குத்தான் அத்துப்படி, தனக்குப் பாத்திரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது, வீடியோவோ ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஸ்டோர் ரூம் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். ஷாஜி கொஞ்சம் பிகு செய்துவிட்டு ஏற்றுக்கொண்டார். பிறகு அவர்கள் இருவரும் செப்டிக் டேங்க் எங்கே வரவேண்டும் என்பதில் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். தெருவெல்லாம் பெண்கள் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று சுமி தினமும் காலையில் முதலாளிக்கு நினைவுபடுத்தினாள். இப்போதெல்லாம் அவளிடம் ஷாஜி ஷரியாக்காம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. எந்தத் தேதி என்று சொல்லிவிடுவார்.

நம்பி ஒரே ஒரு தடவை, சுற்றிவளைக்காமல் நேராக, செல்லபாயிடம் வந்து நின்று கேட்டார். இத்தனை நாளும் உண்மையிலேயே எந்தக் கலர்தான் கூடுதலாக விற்றது? செல்லபாய் சிறிது நேரம் நினைவுகூர்வதுபோல் பாவனை செய்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் போனது அண்ணாச்சி, ருசி அப்படி, என்றாள். உள்ளே குனிந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஞானையனுக்கு இருமல் வந்தது.

திறப்பு விழாவுக்கு நாடாவை வெட்டச் செல்லபாயைத்தான் கூப்பிட்டார்கள். போக முடியவில்லை. களியக்காவிளையிலிருந்து மிருகக்காட்சிசாலை பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பஸ் நிறைய இறங்கி, ஆளாளுக்கு ஒரு நிறம் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுமி மீனுவின் துணிக்கடைக் கத்திரிக்கோலால் நாடாவை வெட்டினாள். நம்பி நாலு வார்த்தை பேசினார், ஷாஜி பத்து நிமிடம் பேசினார், லட்டு கொடுத்தார்கள்.

நாலு மணிவாக்கில் கூட்டம் குறைந்தது. செல்லபாய் கணவரைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். புதுப் பெயின்ட் வாசனை, வெள்ளை டைல்ஸ், உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். திரும்பி வரும்போது பாத்திரக்கடை வாசலில் நின்றாள். நம்பி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார், ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து முகத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, கொழாயில தண்ணி நூலு போல வருது” என்றாள். “பிளம்பர இன்னைக்கே வரச்சொல்லணும்.”

“பார்ப்...” என்று தொடங்கிய நம்பி நிறுத்திக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஷாஜியைக் கூப்பிட்டார்.